கணினிக்குச் சாதி தெரியாது என்பவர்களுக்கு

தாராவியிலும் அதன் அக்கம்பக்கத்திலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் நூலக அறிவியல் முதுகலை படிக்கிறவர்களுக்கு, முக்கியமாக நூலகத் தொழில்நுட்பத்தில் இறங்குகிறவர்களுக்கு, மும்பைத் தமிழ் அமைப்புகள் கூடி ஓர் உதவித்தொகை ஏற்படுத்தலாம் என்று ஒரு யோசனை பேசப்பட்டு வருகிறது. ஒடுக்கப்பட்ட சமூகத்தார், பெண்கள், பார்வை மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு அதில் முதலிடம் என்பது யோசனையின் உயிர். அந்த உயிரைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுங்காவில் மதிக்கப்படுகிறவர், பல நல்ல காரியங்களுக்குப் பணம் கொடுத்தவர். அவர் எழுத்தில் போட்டதைச் செம்பூரிலும் சயானிலும் பலர் வாய்ப்பேச்சாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதனால் இந்தப் பதில் அந்த வாதத்தை நம்புகிற எல்லோருக்குமானது.

அவர் சொல்வதன் சாரம் இது. நூலகம் இன்று மென்பொருளாகிவிட்டது. கணினிக்குச் சாதி தெரியாது, மதம் தெரியாது, ஆண் பெண் தெரியாது. ஆகவே அதை இயக்குவது யார் என்பது ஒரு பொருட்டில்லை. தகுதி ஒன்றே அளவு. அதற்கு ரங்கநாதனே சாட்சி. உதவித்தான் ஆக வேண்டும் என்றால் ஏழைக்கு உதவுங்கள், சாதியை உள்ளே கொண்டுவராதீர்கள். அமெரிக்காவே இந்த மாதிரி உதவித்தொகைகளைக் கைவிட்டு வருகிறது. இந்த நான்கில் ஒன்றுகூட நிற்காது. சிலவற்றை அவர் விசாரிக்காமல் எழுதியிருக்கிறார். ஒன்றைத் தெரிந்தே மறைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ரங்கநாதனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவரைச் சாட்சிக்கு அழைத்து வந்தவர் கட்டுரையாளர்தான். சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை உண்டாக்கி விண்ணப்பம் கேட்டபோது ஏறக்குறைய 900 பேர் விண்ணப்பித்தார்கள். முறையான நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. சீர்காழி ராமாமிர்த ரங்கநாதனும் பெற்றிருக்கவில்லை. அவர் மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர். நேர்முகத்துக்குச் சில நாள் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார். அந்தத் துறை பற்றி அன்று அவருக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான். 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். ஆள் நடமாட்டமில்லாத அந்த இடத்தின் தனிமை தாங்காமல் கொஞ்ச நாளிலேயே கணித வகுப்புக்குத் திரும்பிவிடத் துடித்தார். முதலில் இங்கிலாந்துக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பெர்விக் சேயர்ஸிடம் படித்தார். ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்தார். 1925ல் திரும்பியவர் வேறு மனிதர். 1931ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகள், 1933ல் கோலன் பகுப்பு முறை, 1948ல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வருவதற்கான உழைப்பு, 1962ல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையம் என்று உலகமே திரும்பிப் பார்த்த வாழ்க்கை அதன்பின் வந்தது.

கட்டுரையாளர் இந்த வரலாற்றின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முன்பாதியை விட்டுவிட்டார். பயிற்சியே இல்லாத ஒருவரை நம்பி, பதவியும் கொடுத்து, கடல் கடந்து படிக்க அனுப்பி, தடுமாறியபோது பொறுத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் அந்த மேதை வெளியே வந்தார். முதல் நாளே தகுதிப் பட்டியலில் மேலே நின்றவர் என்று அவரைக் காட்டுவது பொய். அன்று ரங்கநாதனுக்குக் கிடைத்த நம்பிக்கையும் பொறுமையும் தாராவி கிராஸ் ரோட்டிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கும் கிடைக்கட்டும் என்பதுதான் யோசனை. ரங்கநாதனுக்கு அதில் ஆட்சேபம் இருந்திருக்காது என்பதற்குச் சான்றும் உண்டு. தன் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயை, 1950களின் ஒரு லட்சத்தை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமைய எடுத்துக் கொடுத்தவர் அவர். மனைவி சாரதாவின் பெயரில் அந்த இருக்கை அமைந்தது. பிறர் படிக்க வேண்டும் என்று கையிருப்பைக் கொடுத்த மனிதரின் பெயரைச் சொல்லிப் பிறர் படிப்புக்கான பணத்தைத் தடுக்க வருவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

அடுத்தது கணினி. கணினிக்குச் சாதி தெரியாது என்பது உண்மை. அதற்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை அது திரும்பச் செய்கிறது. நூற்பட்டியல் வேலையில் பல காலம் இருந்தவன் என்ற முறையில் ஓர் உதாரணம் தருகிறேன். ‘கொடி’ என்ற சொல்லின் முதல் எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி முழுவதையும் ஒரே குறியீடாக வைக்கலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் ஒன்றாகக் கருது என்று மென்பொருளுக்குச் சொல்லிவைக்காவிட்டால், ஒரு விதமாகத் தட்டித் தேடுகிறவருக்கு இன்னொரு விதமாகப் பதிவான நூல்கள் வராது. ஔகாரம் இன்னும் மோசம். அதன் கடைசிக் குறியும் ளகரமும் பார்வைக்கு ஒன்று, குறியீட்டில் வேறு. ளகரத்தைத் தட்டி உள்ளிட்ட ‘கௌ’, எந்த இயந்திர விதியாலும் சரியான ‘கௌ’வோடு தானாகச் சேராது. நூல் அலமாரியில் இருக்கும், பட்டியலிலும் இருக்கும், தேடுகிறவருக்கு மட்டும் இருக்காது. தமிழ் படிக்கத் தெரியாத நிபுணர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தப் பிழை அவர் கண்ணில் படாது, ஏனென்றால் அவர் அந்தச் சொல்லை ஒருநாளும் தேடப்போவதில்லை.

பெயர் விஷயத்துக்கு வாருங்கள். மும்பையில் பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் இந்த அவஸ்தை தெரியும். பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம்; நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது; கட்டத்தைக் காலியாக விட முடியாது. அதே கட்டம்தான் நூலக மென்பொருளிலும் இருக்கிறது. எழுத்தாளரின் முதலெழுத்து விரிந்து தகப்பன் பெயராகி, தகப்பன் பெயரே ஆசிரியர் பெயராகி, ஒரே எழுத்தாளரின் நூல்கள் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். கோஹா போன்ற திறந்தமூல நூலக மென்பொருள்கள் நம் கல்லூரிகள் பலவற்றில் ஓடுகின்றன. நியூசிலாந்தின் ஒரு சிறிய வட்டார நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000ல் வெளிவந்தது கோஹா. யாரும் திறந்து திருத்தலாம். திருத்த வேண்டும் என்று தோன்றுவதற்கு அந்தக் கட்டத்தில் பெயர் மாட்டிக்கொண்டு தவித்த ஒருவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும்.

எழுத்தையும் பெயரையும் தாண்டினால் பொருள் தலைப்பு வருகிறது. ஒரு நூல் எதைப் பற்றியது என்று தீர்மானித்து அதற்குத் தலைப்புக் கொடுக்கும் அதிகாரம் நூலகருடையது. உலக நூலகங்கள் பெரும்பாலும் பின்பற்றுவது வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புகளை. தலித் மக்களைப் பற்றிய நூல்கள் அங்கே நெடுங்காலம் ‘தீண்டத்தகாதவர்கள்’ என்ற தலைப்பின் கீழ் கிடந்தன. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பின்னும், உலகத்தின் பட்டியல் அலமாரியில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டியது கணினி இல்லை. இதே போன்ற இன்னொரு கதை. அமெரிக்காவில் ஆவணமின்றிக் குடியேறியவர்களை அந்தத் தலைப்புப் பட்டியல் ‘சட்டவிரோத அந்நியர்’ என்று அழைத்துவந்தது. ஆயிரக்கணக்கான நூலகர்கள் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2014ல் டார்ட்மவுத் கல்லூரியில் கேள்வி எழுப்பியது மாணவர்கள். அதைத் தொடங்கியவர் தானே ஆவணமின்றி வளர்ந்த ஒரு மாணவி. நூலகர்கள் அவர்களோடு நின்றார்கள். 2016ல் மாற்றுவதாக அறிவித்த காங்கிரஸ் நூலகம், அரசியல்வாதிகள் குறுக்கிட்டதால் இழுத்தடித்து, 2021ல்தான் மாற்றியது. தன்னை அந்தச் சொல்லால் அழைப்பதைத் தாங்க முடியாத ஒருத்தி அந்தத் தேடுதிரைக்கு முன் உட்காரும் வரை, அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. கட்டுரையாளர் இதற்கு மேல் என்ன ஆதாரம் கேட்கிறார்?

மின்னூலகம் என்ற பெயரில் நாம் ஏற்றிவைக்கிற தமிழ் நூல்களில் ஏராளமானவை வெறும் பக்கப் படங்கள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அவற்றைத் திறந்தால் ஒரு சொல்லும் கேட்காது. பார்வையுள்ள நூறு பேர் ‘அருமை’ என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். பார்வையற்ற ஒரு மாணவர் வகுப்பில் இருந்தால் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார். உதவித்தொகையில் அவர்களுக்கு முதலிடம் கேட்பதை ‘இரக்க அரசியல்’ என்று எழுதியிருக்கிறார் நம் கட்டுரையாளர். அந்த இரண்டு சொற்களை அவர் திரும்பப் பெற வேண்டும்.

மூன்றாவது வாதம் வருமானம். நல்லெண்ணம் உள்ளவர்கள்கூட இதில் தடுக்கி விழுகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஏழைக்குக் கொடு, சாதியைப் பார்க்காதே. கேட்க நியாயமாக இருக்கிறது. முதலில் ஒரு தகவல்: பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஏற்கெனவே வருமான வரம்பு உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்ச ரூபாயைத் தாண்டக்கூடாது. 1944ல் தொடங்கிய திட்டம் அது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று எழுதுகிறவர் அந்த விதியை ஒருமுறை படித்திருக்கலாம்.

ஆனால் உண்மையான பதில் வேறிடத்தில் இருக்கிறது. மாட்டுங்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், தாதர் ஹிந்து காலனியில் ராஜகிருகம் நிற்கிறது. அம்பேத்கர் தன் நூல்களுக்காகவே திட்டமிட்டுக் கட்டிய வீடு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே சேர்ந்தன. அந்த மனிதர் அந்த வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று பார்க்க வேண்டும். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1910ல் வில்லியம் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்துத் தன் சமஸ்தானம் முழுவதும் இலவசப் பொது நூலகங்களை அமைக்கச் செய்தார். நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பும் 1911லேயே அங்கே தொடங்கிவிட்டது. அதே மன்னர்தான் 1913ல் அம்பேத்கருக்கு மாதம் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்றாண்டு உதவித்தொகை கொடுத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். நூலகமும் ஒடுக்கப்பட்டவருக்கான உதவித்தொகையும் ஒரே கையிலிருந்து வந்தவை. நம் விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி இந்தியாவில் இல்லை.

1917ல் அம்பேத்கர் பரோடா அரசுப் பணிக்குத் திரும்பினார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர், மாதச் சம்பளம் வாங்கும் அதிகாரி. அன்று அவர் ஏழை அல்ல. அந்த நகரத்தில் அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார்; விஷயம் தெரிந்ததும் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. அலுவலகத்தில் ஏவலர்கள் கோப்புகளை எட்ட நின்று எறிந்தார்கள். ஊரின் பூங்காவில் உட்கார்ந்து கலங்கிவிட்டுப் பம்பாய்க்கு ரயிலேறினார். வருமானத்தை மட்டும் பார்க்கச் சொல்கிற அளவுகோலை அந்தப் பூங்காவுக்குக் கொண்டுபோய் வையுங்கள். அது அவருக்கு எந்தக் குறையும் இல்லை என்று சொல்லும். அந்த அளவுகோலைத்தான் கட்டுரையாளர் தாராவிப் பிள்ளைகளுக்கு நீட்டுகிறார். ஏழ்மைக்கும் உதவ வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. ஏழ்மை தீர்ந்த பிறகும் தொடர்கிற ஒன்று இருக்கிறது என்பதை மறுப்பதற்கு ஏழ்மையைக் கருவியாக்குவதைத்தான் மறுக்கிறேன்.

இப்போது, அவர் தெரிந்தே மறைத்தார் என்று நான் சந்தேகிக்கும் இடம். ‘அரசு உதவித்தொகை இருக்கிறதே, தனியாக இன்னொன்று எதற்கு?’ என்று கேட்கிறார். மும்பையில் பல்லாண்டு வாழும் தமிழருக்கு இதன் விடை தெரியாமல் இருக்க முடியாது. பம்பாயில் இருக்கும் சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட ஒரு மாணவரின் வழக்கில் 1990ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணி நிமித்தம் ஆந்திரத்திலிருந்து பம்பாய் வந்த தந்தையின் மகன் அவர். சொந்த மாநிலத்தில் பழங்குடியாக இருப்பவர் மகாராஷ்டிரத்தில் அந்த உரிமையைக் கோர முடியாது என்றது தீர்ப்பு. பட்டியல் சாதியினருக்கும் அதே நியாயம்தான். 2018 ஆகஸ்டில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. மகாராஷ்டிர அரசிடம் பட்டியல் சாதிச் சான்று வேண்டும் என்றால், 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் வாழ்ந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும்.

யாரிடம் இருக்கும் அந்தக் காகிதம்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து, சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டிக் குடிசை போட்டு, இடித்துத் தள்ளப்பட்டு, மறுபடி போட்டு வாழ்ந்த மக்களிடமா? வாடகைச் சீட்டு இல்லாத வாடகை, பெயர் பதியாத கூலி, பள்ளிக்கே போகாத தாத்தா. பேரப்பிள்ளை தாராவியில் பிறந்து, மராட்டியும் இந்தியும் பேசி, இங்கேயே பட்டம் வாங்கியிருக்கும். மகாராஷ்டிரம் ‘நீ எங்கள் பட்டியலில் இல்லை’ என்கிறது. தமிழ்நாட்டுக்குப் போனால் ‘நீ இங்கே வசிக்கவில்லையே’ என்கிறார்கள். போஸ்ட் மெட்ரிக் தொகையோ மாநிலங்கள் வழியாக வருவது. எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருக்கிறாரோ அந்த மாநிலம்தான் கொடுக்க வேண்டும். இரண்டு அரசுகளுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை விழுந்து கிடக்கிறது. சாதி மட்டும் இரண்டு மாநிலத்திலும் கூடவே வருகிறது. இந்தப் பள்ளத்தை அடைக்க ஒரு தனி உதவித்தொகை வேண்டும் என்று கேட்டால் அரசைக் காட்டி ஒதுங்குவது, பள்ளம் தெரிந்தும் விளக்கை அணைக்கிற வேலை.

அரசுத் தொகை கிடைக்கிறவர்களுக்கும் அது கிடைக்கும் நேரம் ஒரு சிக்கல். செம்பூர் தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது. அங்கே 2018 பிப்ரவரியில் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். போஸ்ட் மெட்ரிக் தொகைக்குத் தகுதியான பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு விடுதி, உணவுக் கட்டணத்தில் இருந்த சலுகை விலக்கப்பட்டதுதான் காரணம். முதலில் நீங்கள் கட்டுங்கள், அரசுப் பணம் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள் என்ற ஏற்பாடு காகிதத்தில் நியாயமாகத் தெரியும். முதலில் கட்டப் பணம் இருக்கிறவருக்கு அந்தத் தொகையே தேவைப்பட்டிருக்காது. முதுகலைப் படிப்பு இப்படித்தான் பாதியில் நிற்கிறது.

அமெரிக்கா கைவிட்டுவிட்டது என்ற வாதத்தை விரைவாக முடிக்கலாம். அமெரிக்க நூலகச் சங்கம் 1997ல் இதே போன்ற ஸ்பெக்ட்ரம் உதவித்தொகையை ஏற்படுத்தியது. சங்கத்தின் தொழில்நுட்பப் பிரிவாக இருந்த லிட்டா, நூலகத் தொழில்நுட்பம் படிக்கும் சிறுபான்மை இன மாணவர்களுக்கென்றே ஆண்டுதோறும் தொகை கொடுத்துவந்தது. 2023ல் அங்கே உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருதக்கூடாது என்றது. 2025 மார்ச்சில் நூலகங்களுக்கு நிதி தரும் கூட்டரசு நிறுவனத்தையே சுருக்கும்படி அதிபர் ஆணையிட்டார். நூலகச் சங்கம் அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. கைவிட்டது ஆட்சி, நூலகர்கள் போராடினார்கள். நம்மவர் ஆட்சியின் பக்கம் நிற்கிறார், நூலகத்தின் பெயரால்.

அதோடு, இந்த விஷயத்தில் அமெரிக்காவைப் பார்த்துப் படிக்க வேண்டிய இடத்தில் தமிழர் இல்லை. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரத்தை 15(4) என்ற பிரிவாக எழுதிவைத்தது. இந்தப் பக்கம் மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் சாகு மகாராஜா 1902லேயே அரசு வேலைகளில் பாதியைப் பின்தங்கியோருக்கு ஒதுக்கியவர். பிற்பாடு அம்பேத்கர் லண்டனில் படிப்பை முடிக்க உதவியவர். பிறந்த மண்ணும் பிழைக்க வந்த மண்ணும் தந்த இரண்டு மரபுகளையும் ஒருசேரத் தள்ளிவிட்டு, வெளிநாட்டில் வீசும் ஒரு காற்றைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்.

தரம் குறைந்துவிடும் என்ற பயத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மும்பையில் நூலகம் படிக்க நினைப்பவர்களுக்குச் சர்ச்கேட்டில் உள்ள எஸ்என்டிடி மகளிர் பல்கலைக்கழகத்தைத் தெரியும். பெண்களுக்கு மட்டும் என்று கார்வே 1916ல் தொடங்கியது. ‘பெண்களுக்குத் தனிப் பல்கலைக்கழகமா, தரம் என்னாகும்’ என்ற கேள்வியை அன்று அவர் தாங்கினார். அங்கே 1961 முதல் நூலக அறிவியல் பள்ளி நடக்கிறது. இந்த நகரத்தின் கல்லூரி நூலகங்களில் நுழைந்து, அந்தப் பள்ளியில் படித்த பெண்கள் எத்தனை மேசைகளை நடத்துகிறார்கள் என்று கட்டுரையாளர் விசாரித்துப் பார்க்கட்டும்.

தாராவிக்கு இந்தப் படிப்பு ஏன் அவசரம் என்பதை யாரும் பேசவில்லை, எனக்கு அதுவே பெரிய வருத்தம். மறுசீரமைப்புத் திட்டம் வந்துவிட்டது. வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். யார் எப்போதிலிருந்து இருக்கிறார்கள், 2000 ஜனவரி 1க்கு முன்பா பின்பா என்பதற்குக் காகிதம் கேட்கிறார்கள். டிரங்குப் பெட்டியில் மழையில் நனைந்து ஒட்டிக்கிடக்கும் காகிதம். ஆதிதிராவிட மகாஜன சங்கம் போன்ற பழைய அமைப்புகளின் பதிவேடுகள், பொங்கல் விழா நோட்டீசுகள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் வாங்கிய மாற்றுச் சான்றிதழ்கள் எல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கின்றன. இடிக்கும்போது அவையும் போகும். அவற்றை எடுத்து, படமெடுத்து, எழுத்துணரியில் ஓட்டி, பெயரும் ஆண்டும் இடமும் பதிந்து, தேடினால் கிடைக்கும்படி வைப்பதற்குப் பெயர்தான் நூலகத் தொழில்நுட்பம். அந்த மக்கள் தங்கள் பெட்டியைத் திறந்து காட்டுவது தெரிந்த முகத்துக்குத்தான். வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து இதைச் செய்துவிடும் என்று காத்திருக்க முடியாது. ஈழத்தைப் பாருங்கள். 1981ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005ல் தன்னார்வலர்கள் கூடித் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் யாரும் திறந்து படிக்கும்படி வைத்திருக்கிறது. தங்கள் எழுத்தை இழந்தவர்களே அதைக் கட்டினார்கள்.

கட்டுரையாளர் தன் நிலையை மாற்றிக்கொள்வார் என்று எதிர்பார்த்து நான் இதை எழுதவில்லை. யோசனையை முன்னெடுக்கும் அமைப்புகள் அவர் சொல்லுக்கு அஞ்சி அதை நீர்த்துப்போகச் செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ‘அனைவருக்கும் பொது’ என்று மாற்றிவிட்டால் மாட்டுங்காவின் வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதையும் வாங்குவார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. முதலிடம் யாருக்கு என்று விதியிலேயே எழுதிவையுங்கள். மகாராஷ்டிரச் சாதிச் சான்று கேட்காதீர்கள். ஊர்ப் பெரியவர், பள்ளித் தலைமையாசிரியர் சொல்லையும் தமிழ்நாட்டில் தகப்பன் வாங்கிய பழைய சான்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். 1950ஆம் ஆண்டின் காகிதம் எதற்காகவும் வேண்டாம். தேர்வுக் குழுவில் தாராவியில் வளர்ந்து நூலகராக இருக்கும் ஒருவராவது உட்காரட்டும். கல்விக் கட்டணத்தோடு ஒரு மடிக்கணினிக்கும் ரயில் பாஸுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சேர்க்கைக் கட்டணம் கட்டவேண்டிய கடைசித் தேதிக்கு முன்பே பணம் அந்த மாணவியின் கணக்கில் இருக்க வேண்டும்.